கையில் குடியிருப்பவர்கள்

சலூனில் எல்லோரும் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். கை வேகத்துக்காக வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்காக வந்தது என்று மற்றவர்களுக்குத் தெரியும். பதினெட்டு வயதில் தரை கூட்ட வந்தவள், முப்பத்தாறு வயதில் ஜன்னலோர நாற்காலிக்குச் சொந்தக்காரி. அந்தத் தெருவில் பாதிப் பெண்களின் தலை அவள் கைபட்டது. ஒருத்தி உள்ளே நுழைந்ததுமே எந்தப் பக்கத்து முடி அடங்கும், எந்தப் பக்கத்து முடி முரண்டு பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். மனிதர்களைப் பற்றியும் அப்படிச் சொல்லத் தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

அந்தக் கை இப்போது அவள் பேச்சைக் கேட்பதில்லை. சின்ன வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வந்து போய்க்கொண்டிருந்த எக்ஸிமா, வந்தோமா போனோமா என்று இல்லாமல் இரண்டு கைகளிலும் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. விரலிடுக்கெல்லாம் சிவப்பு. கணுக்களில் வெடிப்பு. தூக்கத்திலேயே சொறிந்து, விடிந்து பார்த்தால் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள். அவள் பூசாத களிம்பு கிடையாது. பூசினால் அடங்கும், விட்டால் முன்னைவிட ஆங்காரத்தோடு திரும்பி வரும்.

ஒருநாள் வழக்கமாக வரும் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, தலையை நனைத்து முடித்ததும் கண்ணாடியில் கத்தரியின் கையைப் பார்த்துவிட்டாள். "அய்யோ, ஒரு அவசர வேலை மறந்தே போச்சு," என்று துண்டோடு எழுந்துவிட்டாள். பாதி ஈரத் தலையோடு எந்த அவசர வேலைக்குப் போவாள் மனுஷி? சலூனில் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் கத்தரிக்குச் சுருக்கென்று குத்தியது.

சலூன் முதலாளியை எல்லோரும் மேடம் என்பார்கள். கெட்டவள் இல்லை, கணக்காகப் பேசுகிறவள். அன்று சாயங்காலம் கத்தரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் உன்னைப் போகச் சொல்லல. ஆனா கல்யாண சீசன் ஆரம்பிக்கிறதுக்குள்ள கை சரியாகணும். இல்லன்னா ஜன்னல் நாற்காலியைச் சின்னவகிட்ட குடுத்துடுவேன். நீ முன்னாடி மேசையில உக்காந்து போன் எடு."

சலூனில் கடைசியாக வந்து சேர்ந்த பெண்தான் சின்னவள். போன் எடுப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் கத்தரிக்குக் கைதான் பிழைப்பு. அந்த நாற்காலி போனால் தனக்கென்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம் என்று அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் புதுசாக ஒரு லோஷனைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் அவள் அங்கே போனாள். டாக்டர் சின்னப் பெண். முன்னந்தலை முடியை யாரோ ஏனோதானோ என்று வெட்டியிருந்தார்கள். இடது பக்கம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்யக் கத்தரிக்குக் கை துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

கையிலும் முழங்கையிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டு அனுப்பியவர், அடுத்த முறை போனபோது மூடி போட்ட இரண்டு கண்ணாடித் தட்டுகளை மேசைமேல் வைத்தார். முதல் தட்டு முழுக்கத் தங்க நிறப் புள்ளிகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"அழகா இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க. உங்க கையில தடவி எடுத்ததை வளர்த்துப் பார்த்தோம், உங்க வில்லன் இதுதான்," என்றார் டாக்டர். "எல்லார் தோல் மேலயும் கோடிக்கணக்குல கிருமி குடியிருக்கு. பாதிக்கு மேல நல்லவங்க. எக்ஸிமா இருந்தா தோலோட சுவர் பலவீனமா இருக்கும், அங்க இந்தத் தங்கக் கிருமி பெருகிடும். பெருகினா சுவரை இன்னும் பெயர்க்கும். அரிப்பைக்கூட இதுவே கிளப்பி விடுதுன்னு இப்போ சொல்றாங்க. நீங்க சொறிவீங்க, சுவர் இன்னும் உடையும், அதுக்குக் கொண்டாட்டம்."

"அப்போ நான் சொறிஞ்ச நேரமெல்லாம் அதுக்குத்தான் வேலை பார்த்துட்டு இருந்திருக்கேன். சம்பளம் இல்லாம," என்றாள் கத்தரி.

டாக்டர் சிரித்துவிட்டு இரண்டாவது தட்டைத் தள்ளினார். அதிலும் தங்கம்தான். ஆனால் நடுவே நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு வெள்ளையையும் சுற்றி வட்டமாகக் காலி இடம்.

"இதுவும் உங்களோடதுதான், முழங்கையில எடுத்தது. இந்த வெள்ளை தானாவே ஒரு மருந்து சுரக்குது. அந்த வட்டத்துக்குள்ள தங்கம் கால் வைக்க முடியல பாருங்க. ஆனா ஆள்பலம் கம்மி. இதை மட்டும் தனியா எடுத்து வளர்த்து, லோஷன்ல கலந்து, உங்க கைக்கே திருப்பிக் குடுக்கப் போறோம்."

"பலிக்குமா டாக்டர்?"

"அதைப் பார்க்கத்தான் இந்தச் சோதனை. சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒரு நிபந்தனை. கிருமிநாசினி எதுவும் கையில படக் கூடாது. டெட்டால், மருந்து சோப்பு, எதுவும். கை கழுவ நாங்க குடுக்கிற சோப்புத் திரவத்தை மட்டும்தான் நீங்க பயன்படுத்தணும். கிருமிநாசினிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது, எல்லாரையும் கொன்னுடும்."

கத்தரி அந்த நாலைந்து வெள்ளைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகத் தன் உடம்பே தனக்கு எதிரி என்று கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தவள் அவள். தன் பக்கமும் ஆள் இருந்திருக்கிறார்கள், ஒரு மூலையில் நின்று போராடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. கண் கலங்கிவிட்டது. டாக்டர் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

வீட்டில் இவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மா ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அக்கம்பக்கத்தில் சிஸ்டரம்மா என்றால்தான் தெரியும். காய்ச்சல், வெட்டுக்காயம் எதுவானாலும் டாக்டரிடம் போவதற்கு முன்னால் சிஸ்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கதவுக் கைப்பிடி, போன், சுவிட்சு எல்லாவற்றையும் தினமும் துடைப்பாள். தலையணை உறையை வெந்நீரில் கொதிக்க வைத்துத்தான் அலசுவாள். அந்த வீட்டில் ஒரு எறும்பு நுழைந்தாலும் காலைக் கழுவிக்கொண்டுதான் நுழையும்.

லோஷன் விஷயத்தைக் கேட்டதும் அம்மாவின் முகம் போன போக்கு!

"கிருமியை ஒழிக்கிறதுக்குன்னே ஒரு ஆயுசைக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கேன். என் வயித்துல பிறந்தவ அதை விலை உயர்ந்த கிரீம் மாதிரி பூசிக்கப் போறேன்றா. கேக்கறவங்க சிரிப்பாங்க பாப்பா."

"அது நல்ல கிருமிம்மா."

"நல்ல திருடன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

ஆனாலும் அம்மா தடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் சோப்புத் திரவம் கொடுத்தார்கள். ஒன்று சலூனுக்கு, ஒன்று வீட்டுக்கு. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை பாட்டில். உள்ளே இருப்பது வெளியில் தெரியாது. மேலே அமுக்கினால் கையில் விழும். வாசனை கிடையாது, நுரை கிடையாது, கஞ்சி மாதிரி வழியும். வீட்டு பாட்டிலைக் குளியலறையில் வாஷ்பேசின் ஓரத்தில் அம்மாதான் இடம் ஒதுக்கி வைத்தாள். லோஷன் டப்பாவுக்கு ஃப்ரிட்ஜில் ஒரு தட்டையே காலி செய்து கொடுத்தாள். கத்தரிக்கு அதுவே பெரிய சம்மதமாகத் தெரிந்தது.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது தலையணை உறை வெள்ளையாக இருந்தது. ஒரு பொட்டுகூட இல்லை. இரவு முழுக்கச் சொறியாமல் தூங்கியிருக்கிறாள்! அந்த உறையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி. அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லதுதான்," என்றாள். அடுத்து வந்த நாட்களில் விரலிடுக்குச் சிவப்பு வடிந்தது. சலூனில் மேடம் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றாள். மேடம் வாயில் பரவாயில்லை வந்தால் அது பாராட்டுப் பத்திரம்.

அந்த வாரக் கடைசியில் வலது கட்டைவிரல் ஓரத்தில் பழைய வெடிப்பு ஒன்று திறந்துகொண்டது. ஆறி வரும்போது இப்படி ஒன்றிரண்டு திறக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கத்தரி பயப்படவில்லை. அம்மா மட்டும் அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

அதற்குப் பிறகு கை முன்னேறவில்லை. கொஞ்ச நாளில் தோல் வறண்டு, இழுத்துப் பிடித்து, எரிய ஆரம்பித்தது. கத்தரி விடாமல் லோஷனைப் பூசினாள். பூசியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது.

அடுத்த பரிசோதனைக்கு அம்மாவும் கூட வந்தாள். தானும் நர்ஸாக இருந்தவள்தான் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிக்கொண்டாள். டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. தட்டைத் திறந்து காட்டினார். வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் நாலைந்து தங்கம் மட்டும். மற்றபடி தட்டே வெறிச்சோடிக் கிடந்தது.

"இவ்வளவு காலியா ஒரு தோல் தானா ஆகாதுங்க. தினமும் லோஷன் பூசினா வெள்ளை நிறைய இருந்தே ஆகணும். கிருமிநாசினி போட்டாத்தான் இப்படி இருக்கும். காலி பண்ணின வீட்டுக்கு முதல்ல யார் குடி வருவான்னு நினைக்கிறீங்க? தங்கம்தான் வரும். வந்தாச்சு, பாருங்க."

"நான் எதுவும் போடல டாக்டர்."

"இதோ பாருங்க, அரிப்பு தாங்காம சில பேர் போட்டுடுவாங்க. எனக்குப் புரியுது. ஆனா எங்ககிட்ட மறைச்சா சோதனையே பாழ்."

"சத்தியமா போடல! நீங்க சொன்னதைத் தவிர எதையும் நான் தொடல!"

கத்தரியின் குரல் உயர்ந்துவிட்டது. யாராவது ஒருவர் தனக்காகப் பேச வேண்டும்போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு நர்ஸ் டாக்டரிடம் பேசும் பதவிசான குரலில் சொன்னாள்:

"சின்ன வயசுலேர்ந்தே அவ கொஞ்சம் பதட்டக்காரி டாக்டர். அரிப்பு வந்துட்டா நிதானம் இருக்காது."

டாக்டர் தலையாட்டினார். அத்தோடு முடிந்தது. லோஷனை நிறுத்திவிட்டார்கள். சொன்னபடி நடக்காதவர்களைச் சோதனையில் வைத்துக்கொள்ள முடியாது என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். பொய்க்காரி என்று மரியாதையாகச் சொன்னால் மட்டும் இனிக்குமா? பஸ்ஸில் வரும்போது கத்தரி அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "விடு பாப்பா. இந்தக் காலத்து டாக்டருங்க அப்படித்தான்," என்றாள். கத்தரி அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டாள். அதை நினைத்தால் பின்னாளில் அவளுக்கு உடம்பே கூசும்.

காலி வீட்டுக்குத் தங்கம் திரும்பக் குடி வந்தது. ஒரு மாதத்துக்குள் கை பழையபடி ஆகிவிட்டது. பழையதைவிட மோசம் என்றுதான் சொல்ல வேண்டும். சீசனும் வந்துவிட்டது. மேடம் சொன்ன சொல் தவறாதவள். சின்னவள் ஜன்னல் நாற்காலிக்குப் போனாள், கத்தரி போன் மேசைக்கு வந்தாள். நாள் முழுக்க, "வணக்கம், எத்தனை மணிக்கு வர்றீங்க?" அவள் கண் முன்னாலேயே, அவளுடைய வாடிக்கையாளர்களின் தலையில் சின்னவள் ஸ்டெப் கட் என்று தப்புத் தப்பாகப் படிக்கட்டு வெட்டினாள். கத்தரி பல்லைக் கடித்துக்கொண்டு நேரம் குறித்துக்கொடுத்தாள்.

போன் எடுக்கிற கைக்குத் தனி சோப்பு எதற்கு என்று சலூன் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தாள். சோதனையிலிருந்து தள்ளிவிட்டாலும், கொடுத்த திரவத்தை வீணாக்க மனசு வரவில்லை. மற்ற எதைப் போட்டாலும் எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கை கழுவும்போது விரல்களுக்கு நடுவே மெல்லிசாக நுரை நின்றது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் இதே வாஷ்பேசினில் கழுவியபோது நுரை வரவில்லையே! முந்தின நாள் எடுத்தது சலூன் பாட்டில். இன்றைக்கு வீட்டு பாட்டில். பதினெட்டு வருஷமாக ஊர்த் தலையெல்லாம் அலசிய கை அது. நுரையைப் பற்றி அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் போனோம் என்று அவளுக்கே ஆச்சரியம். எரியும் கையை யார் ரசித்துக் கழுவுவார்கள்? தண்ணீரைக் காட்டி எடுத்துவிட்டு ஓடியிருக்கிறாள்.

இடது கையில் சலூன் பாட்டிலை அமுக்கினாள். வலது கையில் வீட்டு பாட்டிலை. தனித்தனியாக விரலால் தேய்த்தாள். இடது கை சும்மா இருந்தது. வலது கை நுரைத்தது.

தயாரிப்பில் ஏதோ கோளாறு என்றுதான் மனசு முதலில் சொன்னது. பாவம், மனசுக்கு எப்போதும் தெரிந்ததைத் தள்ளிப்போடத்தான் ஆசை. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். தான் கலக்கவில்லை.

நுரையோடு கையை ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அம்மா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

அம்மா நுரையைப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

"கேக்கறேன்ல, என்ன இது?"

"தியேட்டர்ல நாங்க கை கழுவற மருந்துதான். விஷம் ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா. "கொஞ்சமாத்தான் கலந்தேன். கழுவின பிறகும் தோல்ல தங்கி நின்னு வேலை செய்யும். அவ்வளவு நல்ல மருந்து."

அந்தக் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. வேலியே பயிரை மேயும் என்பார்கள். மேய்ந்துவிட்டுப் பயிருக்கு நல்லதுதானே செய்தேன் என்று கேட்கிற வேலியைக் கத்தரி இப்போதுதான் பார்க்கிறாள்.

"எப்போலேர்ந்து?"

"உன் கட்டைவிரல் வெடிச்சுதே, அன்னைலேர்ந்து." அம்மா துணியைக் கீழே வைத்தாள். "உனக்குத் தெரியாது பாப்பா. எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு தச்சர் வந்தார். இதே கட்டைவிரல்ல சின்ன வெட்டு. சிரிச்சுப் பேசிட்டுத்தான் படுத்தார். கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு. மூணே நாள். நான்தான் அவர் கண்ணை மூடி விட்டேன். நீ அதே இடத்துல வெடிப்பை வெச்சுகிட்டு, அது மேல உயிருள்ள கிருமியைத் தடவிட்டு நிக்கற. பெத்தவ நான் கையைக் கட்டிட்டு வேடிக்கை பாக்கணுமா?"

அம்மா அவளுடைய அந்தக் கட்டைவிரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது நடிப்பு இல்லை. கத்தரிக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பயந்த தாய் செய்த முட்டாள்தனம். இதோடு விட்டிருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு மன்னித்திருப்பாள். ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது.

"சரிம்மா. பயந்துட்ட, கலந்துட்ட. டாக்டர் என்னைப் பொய் சொல்றேன்னு சொன்னப்போ நீ என் பக்கத்துலதானே இருந்த?"

அம்மா மறுபடி துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"நான் சத்தியம் பண்ணினேன். கத்தினேன். நீ கேட்டுட்டுதானே இருந்த?"

"ஒரு டாக்டர் முன்னாடி நான் எப்படிச் சொல்றது?" என்றாள் அம்மா மெதுவாக. "அத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு டாக்டர் என்னைக் குத்தமா ஒரு வார்த்தை சொன்னதில்ல. நர்ஸே மருந்தை மாத்திட்டான்னு பேர் வாங்கணுமா? உனக்கு அதுல ஒண்ணும் போகல பாப்பா. நீ நோயாளி. நோயாளி பொய் சொல்றது அவங்களுக்குப் பழக்கம்தானே."

கத்தரிக்கு வாயடைத்துப்போனது. அந்த வாய் அடைத்துப்போவது சாதாரண விஷயமில்லை. மருந்து கலந்தது பயத்தில். இது பயத்தில் இல்லை. இது உட்கார்ந்து யோசித்து, தன் பெயரா மகளின் பெயரா என்று எடை போட்டுப் பார்த்து, மகளைத் தூக்கிக் கொடுத்தது. அதன் பிறகு பஸ்ஸில் முதுகையும் தடவிக் கொடுத்தது.

அன்று முழுக்க அவள் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. மறுநாள் காலை அம்மாவே வந்து கதவோரம் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நானும் வர்றேன். டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன். உன் பேரைக் காப்பாத்த வேண்டியது என் கடமை."

கத்தரி நம்பினாள். வேறு என்ன செய்வாள்? முப்பத்தாறு வருஷப் பழக்கம் ஒரே ராத்திரியில் போய்விடுமா?

ஒரு பாட்டில் மட்டும் நுரைக்கிறது என்று கத்தரி சொன்னதும், டாக்டர் இரண்டு பாட்டில்களையும் வாங்கிச் சோதிக்க உள்ளே அனுப்பினார். முடிவு தெரிந்ததும் மறுபடி வரச் சொன்னார். முடிவு வரட்டும், அன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று அம்மா கத்தரியின் காதில் சொன்னாள். போனார்கள். டாக்டரின் முகம் மாறியிருந்தது.

"நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்," என்றார் கத்தரியிடம். "ஒரு பாட்டில்ல நிஜமாவே கிருமிநாசினி கலந்திருக்கு. நாங்க அனுப்பினப்போ அது இல்ல. யாரோ கலந்திருக்காங்க. யாரா இருக்கும்னு உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

கத்தரி அம்மாவைப் பார்த்தாள். சொல்லும்மா என்று பார்த்தாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சலூன்லதான் டாக்டர் நடந்திருக்கணும்," என்றாள், அதே பதவிசான குரலில். "அந்தப் பாட்டில் அங்கேருந்து வந்தது. அங்க இவ நாற்காலி மேல கண் வெச்சிருக்கிற ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. பொறாமை யாரை விட்டுது?"

டாக்டர் யோசித்தார்.

"அப்படின்னா விஷயம் சீரியஸ். உங்க வெள்ளைக் கிருமியை நாங்க உறைய வெச்சுப் பத்திரமா வெச்சிருக்கோம். லோஷனைத் திரும்ப ஆரம்பிக்கலாம். ஆனா நீங்க அந்த சலூன்ல வேலை பாக்கிற வரைக்கும் நான் ஆரம்பிக்க மாட்டேன். அந்த வேலையை விட்டுட்டு வாங்க."

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா சொல்றேன் டாக்டர்," என்றாள் அம்மா.

கத்தரி காத்திருந்தாள். எதற்குக் காத்திருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பெற்றவள் அல்லவா, கடைசி நிமிஷத்திலாவது வாயைத் திறப்பாள் என்று ஒரு நப்பாசை. கை போயிற்று, பெயர் போயிற்று, இப்போது சலூன் வாசற்படியும் போகப் போகிறது, குற்றமே செய்யாத சின்னவள் தலையில் பழி விழப் போகிறது. அம்மா வாயைத் திறக்கவில்லை. மகள் பக்கம் திரும்பி, எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்பதுபோல லேசாகத் தலையாட்டினாள்.

"சலூன் இல்ல டாக்டர்," என்றாள் கத்தரி. "மருந்து இருந்தது வீட்டு பாட்டில்ல. கலந்தது எங்கம்மா."

டாக்டர் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்களா? உங்களுக்குத் தெரியாததா இது?"

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. எழுந்து வெளியே போய்விட்டாள்.

டாக்டர் லோஷனை மறுபடி ஆரம்பிக்கச் சம்மதித்தார். புது டப்பாவும் புது பாட்டிலும் கொடுத்தார். உங்களைத் தவிர யார் கையும் இதில் படக் கூடாது, டப்பாவுக்கு ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் நாங்களே தருகிறோம், அதையும் உங்கள் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஜெயித்த மாதிரிதான். கத்தரிக்கு ஜெயித்த மாதிரி இல்லை.

அம்மா பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் வருவதற்குச் சற்று முன்னால்தான் பேசினாள்.

"பெத்தவளைக் காட்டிக் குடுத்துட்டல்ல? நேத்து வந்த ஒரு சின்ன டாக்டர் முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சுட்டல்ல? உனக்காக ராத்திரி பகல் பார்க்காம கஷ்டப்பட்டதுக்கு நல்ல கூலி குடுத்துட்ட."

கத்தரிக்குச் சிரிப்பு வந்தது; அழுகையும் வந்தது. துரோகம் செய்தவர்களுக்குத்தான் துரோகம் என்றால் எப்படிச் சுடுகிறது! பஸ் ஏறினாள். அம்மா முன்னால் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள். இவள் பின்னால் நின்றுகொண்டே வந்தாள்.

தெருமுனையில் அம்மா நேராக நடந்துவிட, கத்தரி மட்டும் இரும்புக் கடைக்குள் நுழைந்து ஒரு சின்னப் பூட்டு வாங்கினாள். அவள் அறை அலமாரியில் கொண்டி உண்டு. வீடு வாங்கியதிலிருந்து அதற்குப் பூட்டு போட்டதே இல்லை. போட அவசியம் வந்ததில்லை. குட்டி ஃப்ரிட்ஜை அலமாரியின் கீழ்த்தட்டில் பொருத்தினாள். லோஷனை அதற்குள் வைத்தாள், பாட்டிலை மேலே வைத்தாள், கதவைச் சாத்தினாள். பூட்டு புதுசு, சத்தம் கூடுதலாகவே கேட்டது.

சத்தம் கேட்டு அம்மா அறை வாசலுக்கு வந்தாள். பூட்டைப் பார்த்தாள். மகளின் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள்.

"ரெண்டே பேர் இருக்கிற வீட்டுல எதுக்கு பாப்பா பூட்டு? யாருக்குப் பயந்து பூட்டற?"

"உனக்குப் பயந்துதாம்மா," என்றாள் கத்தரி.